நான்கு பூனைக்குட்டிகளும் பென்ச்சோ பெரியப்பாவின் நாற்பதாம் நாளும்

லோம் நகரம்,
ஜூன் 14, திங்கள்

வலென்சியாவில் ஆரஞ்சுக் கிடங்கில் வேலை பார்க்கும் என் அருமை மருமகன் ஸ்விலெனுக்கு, தாய்மாமன் மெத்தோதி டான்யூப் கரையிலிருந்து ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இடது முழங்கால் நீங்கலாக நான் இங்கே சௌக்கியம். நீயும் உன் அம்மாவும், அதாவது என் தங்கை நெத்காவும், முழங்கால் உட்பட அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். டெலிபோனில் சொல்லலாம்தான். ஆனால் எங்கள் தெருவின் கம்பியை ஏப்ரலில் யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் வைக்க விரும்பவில்லை.

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். பிப்ரவரியில், ஆற்றில் பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்தபோதே சொன்னேன். உனக்கு ஸ்பாஸைத் தெரியுமே, நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவன், இப்போது எங்கள் பிளாக்கின் மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்து ஊரை ஓட்டுகிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்பாஸ், எழுதி வச்சுக்கோ. இந்த வசந்தத்துல நம்ம பிளாக்குக்குள்ள ஒருத்தி நுழைவா. தனியா வரமாட்டா. போஸ்டர் ஒட்டாம அந்த விவகாரம் முடியாது" என்று சொன்னேன். அவன் எழுதி வைக்கவில்லை. இப்போது கேட்டால், நான் அன்றைக்குப் பேசியது தக்காளி நாற்றைப் பற்றி என்கிறான். யாரோ அவனைத் தங்கள் பக்கம் இழுத்திருக்கிறார்கள். முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து உலகத்தைப் பார்த்தவனுக்கு, ஒருவன் தொப்பியின் உச்சியைப் பார்த்தே அவன் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துவிடும். பிரதமர் ஒருமுறை துறைமுகத்துக்கு வந்தபோது, "மேலே இருக்கிற அந்த ஆள் யார்?" என்று கேட்டாராம். அதுதான் நான்.

மார்ச் கடைசியில் ஒரு காலை, முட்டைக்கோஸ் ஊறுகாய் எடுக்க நிலவறைக்குப் போனேன். பீப்பாய் மூடியின் மேல் ஒரு பூனை. சாம்பல் நிறம், பாதிக் காது இல்லை, வயிறு மட்டும் பக்கவாட்டில் தனியாக உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தது. கத்தவில்லை. பசித்த பூனை கத்தும், பயந்த பூனை ஓடும். இரண்டும் செய்யாத பூனைக்கு ஏதோ திட்டம் இருக்கிறது. "யாரு அனுப்பிச்சா உன்னை?" என்று கேட்டேன். ஒரு கண்ணை மட்டும் மூடியது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது: வெர்கீனியா.

வெர்கீனியாவை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்குப் புவியியல் எடுத்த டீச்சர், இப்போது எங்கள் பிளாக் செக்ரட்டரி. நான்கு வருஷமாக என் நிலவறை மேல் அவளுக்குக் கண். அதை சைக்கிள் நிறுத்தும் இடமாக்க வேண்டுமாம். ஆகவே உள்ளே ஒற்றரை அனுப்பியிருக்கிறாள் என்று சந்தேகப்பட்டேன். ஆனால் நான் நியாயஸ்தன், சோதிக்காமல் யாரையும் குற்றம் சொல்வதில்லை. தட்டில் மூன்று துண்டு வெள்ளைச் சீஸ் வைத்தேன்: ஒன்று பசும்பால், ஒன்று ஆட்டுப்பால், ஒன்று செம்மறிப்பால். பூனை முதல் இரண்டையும் முகர்ந்துவிட்டு, செம்மறிப்பால் சீஸை மட்டும் தின்றது. லோம் சந்தையில் செம்மறிப்பால் சீஸைத் தவிர வேறெதையும் தொடாதவள் யார்? வெர்கீனியா! இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? கோர்ட்டில் இதைவிடக் குறைவான ஆதாரத்துக்கு ஆளை உள்ளே போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

விரட்டியிருக்கலாமே என்பாய். விரட்டினால் வேறொன்றை அனுப்புவாள். தெரிந்த ஒற்றர் நல்லது. அதற்குப் பிசானா என்று பெயர் வைத்தேன். எங்கள் ஊரில் பாதிப் பூனைகளுக்கு அதுதான் பெயர், நான் அதற்கு விசேஷமாக எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனி. ஏப்ரல் மூன்றாம் தேதி போய்ப் பார்க்கிறேன், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த என் ராடாவின், அதாவது உன் அத்தையின், பழுப்புக் கோட்டைக் கீழே இழுத்துப் போட்டு, அதன் மேல் நாலு குட்டி போட்டு வைத்திருக்கிறது. அத்தை போய் இரண்டு வருஷம் ஆகியும் அந்தக் கோட்டை நான் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. எடுத்துக் கொடுத்துவிடு, பூச்சி வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். பூனை வந்தது. ஒரு உதை விட்டிருக்க வேண்டும், விடவில்லை. சாட்சியை உதைத்தால் விசாரணை கெட்டுப்போகும். அன்று முதல் முக்காலி, ரேடியோ, காப்பி எல்லாவற்றையும் நிலவறைக்குக் கொண்டுபோய், காலை ஏழு மணியிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை, பிறகு சாப்பாட்டு நேரத்திலிருந்து பொழுது சாயும் வரை, கண்காணிப்பில் இருந்தேன். குட்டிகளில் ஒன்று மஞ்சள், குண்டு. அது என் செருப்புக்குள் ஏறித் தூங்கும். என் நடமாட்டத்தைத் தடுக்கத்தான், வேறென்ன.

மே கடைசியில் வெர்கீனியா வாசலில் கூட்டம் போட்டாள். தபால் பெட்டிகளுக்கு முன்னால் பதினாறு பேர், எல்லோரும் வீட்டுச் செருப்போடு. மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நீ பெல்ஜியத்தை ஆப்பிரிக்காவில் குறித்தபோது உன்னை எப்படிப் பார்த்திருப்பாளோ அப்படி.

"மெத்தோதி, நிலவறையில எத்தனை பேர் குடியிருக்காங்க?"

"யாரும் இல்லம்மா. ஒரு விசாரணை நடக்குது."

"விசாரணை மாடிப்படியில மூணு இடத்துல அசிங்கம் பண்ணி வச்சிருக்கு."

"அது ஸ்பாஸா இருக்கலாம்."

"டேய்!" என்றான் ஸ்பாஸ்.

வெர்கீனியா சிரிக்கவில்லை. "கேட்டுக்கோ. அடுத்த ஞாயித்துக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள்ள நாலு குட்டியும் ஆளுக்கொரு வீட்டுக்குப் போயிடணும். போயிடுச்சுன்னா தாய்ப்பூனை எலி பிடிக்க இங்கேயே இருக்கட்டும், நான் ஒண்ணும் அரக்கி இல்ல. ஒரே ஒரு குட்டி மிச்சம் இருந்தாலும் நகராட்சி வண்டி வந்து அஞ்சையும் அள்ளிட்டுப் போகும். கை தூக்குங்க."

தூக்கினார்கள். ஸ்பாஸும் தூக்கினான்; தோள் வலிக்குப் பயிற்சி செய்ததாகப் பிறகு சொன்னான். நகராட்சி வண்டியில் போனது எதுவும் திரும்பி வந்ததாக இந்த ஊரில் யாருக்கும் நினைவில்லை. அன்று சாயங்காலம் நான் சாப்பிடவில்லை. பசியில்லை, அவ்வளவுதான், பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒன்பது நாள் இருந்தது. சந்தைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். லோமில் பூனைக்குட்டி கொடுப்பது ஆற்றங்கரையில் நின்று தண்ணீர் தானம் செய்கிற மாதிரி. மீன்கடை கோஸ்தாதின் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சும்மா தர்றியா? அப்ப என்ன வியாதி?" என்றான். வியாதி இல்லை என்றேன். "வியாதி இல்லாததை எவன்யா சும்மா தருவான்?" என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது, நானாயிருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன், அதனால்தான் அவன் மேல் எனக்கு மரியாதை. ஆறு நாள் இப்படியே போயிற்று. குட்டிகளின் தாய்வழி அப்படியே பாரசீக அரண்மனையிலிருந்து வந்தது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். பிசானாவின் காதைப் பார்த்தவர்கள் நம்பவில்லை.

வியாழக்கிழமை பஸ் நிறுத்தத்தில் மனம் வெறுத்து உட்கார்ந்திருந்தேன். நிறுத்தத்துச் சுவர் முழுக்க வழக்கம்போல் கண்ணீர் அஞ்சலித் தாள்கள், கறுப்புக் கட்டத்துக்குள் படம், நாற்பது நாள், ஆறு மாதம், ஒரு வருஷம். தலையில் கறுப்புத் துணி கட்டிய ஒரு அம்மாள் வந்து, என் மடியில் ஒரு பொட்டலம் வைத்து, "என் வீட்டுக்காரர் ஆன்மாவுக்கு" என்றாள். பிரித்தால் கிரீம் பிஸ்கட். எனக்குச் சர்க்கரை, தொடக்கூடாது. ஆனாலும் வாய் தானாக "ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்றது, கை வாங்கிக்கொண்டது. பக்கத்திலிருந்தவனுக்குப் பல்லே கிடையாது, அவனும் வாங்கிக்கொண்டான். அப்போதுதான் மருமகனே, என் தலைக்குள் கிரேன் திரும்பியது. செத்தவர் பெயரைச் சொல்லிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொன்ன ஒரு ஆளை இந்த நாட்டில் இதுவரை நான் பார்த்ததில்லை!

நேராக அச்சகம் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நகச்சாயம் பூசிக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"யாரு?"

"பெரியப்பா. பென்ச்சோ. விதின் ஊர்க்காரர். எண்பத்து மூணு வயசு."

"எப்ப போனாரு?"

"சனிக்கிழமை வந்தா சரியா நாப்பது நாள்."

"இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க?"

"துக்கத்துல இருந்தேன்மா."

இப்போது தலையைத் தூக்கினாள். "கண்ணு சிவக்கவே இல்லையே?"

"எங்க குடும்பத்துல உள்பக்கமாத்தான் சிவக்கும்."

சந்தேகப்படுகிற பிறவிகளோடு வாழ்வது எவ்வளவு கஷ்டம் பார். போட்டோ கேட்டாள், கொடுத்தேன். வாசகத்தை நானே சொன்னேன், அவள் தட்டெழுத்தில் அடித்தாள்: "நாற்பது நாட்கள் ஆயின, உன் சிரிப்பு இல்லாமல். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பிளாக்கின் மூன்றாம் வாசலில், அன்னாரின் ஆன்மாவுக்காகக் கொடுக்கப்படும். வருகிறவர் யாரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்." கடைசி வரியை அடிக்கும்போது அவளே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, "அழகா இருக்குங்க" என்றாள். இருபது தாள். வாசல், லிண்டன் மரம், பஸ் நிறுத்தம், மீன்கடை, மருந்துக்கடை, எல்லா இடத்திலும் ஒட்டினேன்.

பிறகு யாருக்குக் கொடுப்பது என்ற ஆராய்ச்சி. கண்டவன் கையில் கொடுக்க நான் என்ன பைத்தியமா? வெள்ளிக்கிழமை முழுவதும் ஊரைச் சுற்றினேன். யார் வீட்டில் நாய் இல்லை, யார் வீட்டுக் கணப்பு நன்றாக எரிகிறது, யார் ரேடியோவைப் பார்த்துக் கத்துவதில்லை. ஒரு வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது உள்ளேயிருந்து செருப்பு வந்தது. அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மிஞ்சியது நாலு பேர்: கோஸ்தாதின், பாதிரியார் மினா, ஸ்பாஸ், அப்புறம், நீ நம்ப மாட்டாய், வெர்கீனியா. ஒற்றரின் பிள்ளையை எஜமானி வீட்டிலேயே ஒப்படைப்பது போல எதிரிக்கு அடி வேறு கிடையாது.

சனிக்கிழமை காலை நான் எதிர்பார்த்தது பத்துப் பேர். வந்தது எழுபது. பள்ளிக்கூடத்துக் காவல்காரன் வந்தான், கால்பந்துக் கிளப்பிலிருந்து ஆறு பேர் கறுப்புப் பட்டையோடு வந்தார்கள். விதின் கிழவருக்கு இவ்வளவு கூட்டமா என்று எனக்கே சந்தேகம் வந்தது, பிறகு போஸ்டர் வாசகத்தின் சக்தி என்று புரிந்தது. எல்லோருக்கும் சர்க்கரையும் வால்நட்டும் போட்ட அவித்த கோதுமை, ரொட்டித் துண்டு. நாலே பேருக்கு மட்டும் தனியாக ஸ்ட்ராபெரிப் பெட்டி, மேலே வெள்ளைத் துணி, துணி மேல் ரொட்டி. குட்டிகளுக்கு முன்கூட்டியே பால் கொடுத்துத் தூங்க வைத்திருந்தேன்.

கோஸ்தாதின் இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினான், "ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்றான், சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு காதைச் சாய்த்தான்.

"மெத்தோதி, ரொட்டி மூச்சு விடுது."

"புது ரொட்டிப்பா. இப்பதான் அடுப்புலேர்ந்து வந்துது."

"ரொட்டிக்கு வால் இருக்குய்யா!"

"மெதுவாப் பேசு. ஆண்டவன் மன்னிக்கட்டும்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்ப அது ஆன்மாவுக்குப் போயாச்சு. திருப்பிக் கொடுத்தா அந்த மனுஷன் அங்க வெறுங்கையோட நிப்பான். கொடுக்கணுமா? கொடு. இத்தனை பேர் பாக்கிறாங்க, எல்லாருக்கும் முன்னாடி கொடு."

கோஸ்தாதின் சுற்றிலும் பார்த்தான். எழுபது பேர் கோதுமையை மென்றுகொண்டு அவனையே பார்த்தார்கள். துணியை மெல்ல இழுத்து மூடினான். "ஒரே ஒரு கேள்வி. பூனையைக் கொடுக்கலாம்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு?"

அதற்கும் நான் தயார். "ஃபாதர்! எங்க அப்பா ஊர்ல சவக்குழிக்கு மேல உயிருள்ள கோழியைக் கை மாத்திக் கொடுப்பாங்களே, அது பாவமா?"

பாதிரியார் மினா வாய் நிறையக் கோதுமையோடு யோசித்தார். "பாவம் இல்ல. பழைய வழக்கம்தான்."

"கோழி உயிருள்ளது, பூனை உயிருள்ளது. வித்தியாசம் என்ன?"

"கோழி முட்டை போடும்" என்றார் பாதிரியார்.

"பூனை எலி பிடிக்கும். உங்க கோயில்ல எலி மெழுகுவர்த்தியைத் தின்னுதா இல்லையா?"

பாதிரியார் கோதுமையை விழுங்கிவிட்டுத் தானே கையை நீட்டினார். நீ வேண்டுமானால் சிரி, ஆனால் இந்த விஷயத்தில் இனி இந்த மறைமாவட்டம் முழுக்க என் வாதத்தைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். ஸ்பாஸ் தன் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, "கருப்பா, வரிபோட்டதா?" என்று மட்டும் கேட்டான். கை தூக்கிய குற்ற உணர்ச்சி.

மிச்சம் ஒன்று, அந்த மஞ்சள் குண்டு. மிச்சம் ஒரு ஆள். அவள் வாங்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அஞ்சும் வண்டியில். மணி பன்னிரண்டாகப் போகிறது, வெர்கீனியாவைக் காணோம். எனக்கு வியர்த்துவிட்டது. வெயில். கடைசியில் படியில் இறங்கி வந்தாள், தலை முதல் கால் வரை கறுப்பு, கையில் நாலு கார்னேஷன் பூ, கண்கள் வீங்கியிருந்தன. உயிரோடு கண்ணால் பார்த்திராத பென்ச்சோ பெரியப்பாவுக்காக! என்ன நடிப்பு என்று நினைத்தேன். பெட்டியை நீட்டினேன். வாங்கினாள், "ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்றாள், குரல் உடைந்தது. அதே நிமிஷம் மஞ்சள் குண்டு விழித்துத் துணிக்கு வெளியே தலையை நீட்டியது.

 அவள் குட்டியைப் பார்த்தாள், கோஸ்தாதின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் பரீட்சை ஹாலில் துண்டுச்சீட்டைப் பிடித்தவள், அவளுக்குப் புரியாமல் இருக்குமா? "மெத்தோதி," என்றாள், "இது மட்டும் வேற சாவா இருந்திருந்தா, இப்பவே இந்தப் பெட்டியை உன் தலையில கவிழ்த்திருப்பேன்." பிறகு குட்டியை எடுத்துக் கோட்டுக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டாள். "பேரும் அவன் பேர்தான் வைக்கப்போறேன்." எண்பத்து மூன்று வயசுப் பெரியவரை அவன் இவன் என்கிறாள் பார், மரியாதை தெரியாதவள். ஆனால் வாங்கிவிட்டாள். நாலும் போயிற்று. நான் நிலவறைக்குப் போய் முக்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தூசி அதிகம் அங்கே, கண்ணில் விழுந்துவிட்டது.

இப்போது பிசானா சட்டப்படி எங்கள் பிளாக்கின் எலி அதிகாரி, கோட்டும் அவளிடம்தான் இருக்கிறது. இன்னும் நான் அவளை முழுதாக நம்பவில்லை. முந்தாநாள் ஒரு எலியைப் பிடித்து என் தலையணையில் வைத்தாள்; பரிசா, மிரட்டலா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். குட்டிகளையும் தினம் ஒரு சுற்றுப் பார்த்து வருகிறேன். கோஸ்தாதின் வீட்டுக் குட்டி மீன் தின்று தின்று திமிர் பிடித்துவிட்டது. பாதிரியாரின் குட்டி பூசை நடுவில் கத்துகிறது. வெர்கீனியா ஜன்னலைத் திறந்து வைத்து மஞ்சளுக்குக் கண்டங்களின் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறாள், நேற்று என்னையும் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். காப்பியில் ஏதாவது கலந்திருப்பாள் என்று பாதிதான் குடித்தேன். இன்றைக்கும் கூப்பிட்டிருக்கிறாள். ஆராய்ச்சிக்காகப் போகத்தான் வேண்டும்.

மருமகனே, நீ நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், உன் தலைமுடி நரைத்து உன் பேரன்கள் அதைப் பிடித்து இழுக்க வேண்டும், சாவு உன் வீட்டு விலாசத்தைத் தொலைத்துவிட வேண்டும் என்று புனித நிக்கோலாவை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். உன் அம்மாவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
மெத்தோதி
(கிரேன் ஆபரேட்டர், முதல் வகுப்பு, ஓய்வு)

பி.கு.: மேலே எழுதியதில் ஒரே ஒரு சின்ன விவரம் மட்டும் நானாகச் சேர்த்தது. பென்ச்சோ பெரியப்பா என்று நம் குடும்பத்தில் யாரும் இல்லை, விதினில் நமக்கு ஒரு ஈ காக்காயையும் தெரியாது. அச்சகத்துக்காரி போட்டோ இல்லாமல் முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். என் பையில் இருந்தது ராணுவ உடையில் நீ எடுத்த படம் ஒன்றுதான். படத்துக்குப் பொருத்தமாக உன் பெயரையும் உன் வயதையுமே போடச் சொல்லியாக வேண்டியிருந்தது. படம் நன்றாக விழுந்திருக்கிறது. கல்யாண வயதில் பெண் வைத்திருக்கும் இரண்டு அம்மாக்கள் அதன் முன் நின்று பெருமூச்சு விட்டதை நானே பார்த்தேன். உயிரோடு இருப்பவனைச் செத்ததாகச் சொன்னால் அவனுக்கு ஆயுசு கூடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள், ஆகவே உனக்கு லாபம்தான். ஆகஸ்டில் லீவில் வரும்போது மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சிரிக்காதே, மெதுவாக நடந்து வா, ஸ்பாஸுக்கு இதயம் சரியில்லை. இன்னொன்று. வெர்கீனியா உன் அம்மாவுக்கு ஆறு பக்கத்தில் இரங்கல் கடிதம் எழுதியிருக்கிறாள், எனக்குப் படித்துக் காட்டினாள், நானும் அழுதுவிட்டேன். விலாசம் கேட்டபோது வேண்டுமென்றே தப்பாகத்தான் சொன்னேன். புவியியல் டீச்சர், கண்டுபிடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமையே விமானத் தபாலில் போட்டாயிற்று. இந்தக் கடிதத்துக்கு நான் சாதாரணத் தபால்தலைதான் ஒட்டியிருக்கிறேன்.